படகு எங்கே இருக்கிறது? ஸ்டேட் மெஷின் வரையும்போது சிக்குகிற இடங்களும் அவற்றை எடுக்கும் வழியும்

பாம்பனில் ஒரு விசைப்படகுச் சங்கத்துக்குப் பதிவேட்டு மென்பொருள் எழுதிக் கொடுத்து, நான்கு வருடமாக அதை நானே பராமரித்து வருகிறேன். எந்தப் படகு டோக்கன் (கடலுக்குப் போவதற்கான அனுமதிச் சீட்டு) வாங்கியது, எது கடலுக்குப் போனது, எது திரும்பியது, யார் யார் அதில் போனார்கள் என்பதை எழுதி வைப்பதுதான் அதன் வேலை. ஐப்பசி மாதத்தில் ஒரு சாயங்காலம் காற்று எச்சரிக்கை வந்தது. சங்கச் செயலாளர் மாமா போன் பண்ணி, "ஏம்மா, வெளிய எத்தனை படகு இருக்கு?" என்று கேட்டார். என் திரை நான்கு என்றது. படகுகள் கட்டும் ஜெட்டியில் நின்று எண்ணிப் பார்த்தவர்கள் ஆறு வரவில்லை என்றார்கள்.

கணக்கில் வராத அந்த இரண்டு படகுகளில் பதின்மூன்று பேர் இருந்தார்கள். இரவு பத்து மணிக்கு இரண்டும் குந்துகால் பக்கம் கரை சேர்ந்துவிட்டன, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கு முந்தைய நான்கு மணி நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஒரு பொருள் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, எது நடந்தால் எந்த நிலைக்கு மாறும் என்று நிலைக்கு ஒரு வட்டமும் மாற்றத்துக்கு ஓர் அம்புமாக வரைந்து வைப்பதுதான் ஸ்டேட் மெஷின். அன்றைக்கு என்னிடம் அது இல்லாமல் இல்லை. ஐந்து நிலை, எட்டு அம்பு, சுவரில் ஒட்டி வைக்கும் அளவுக்குச் சுத்தமான படம். அந்த இரண்டு படகுகளும் 'டோக்கனுடன்' என்ற நிலையில் நின்றன. புறப்படும்போது டிரைவர் அழுத்திய பொத்தானின் தகவல், சிக்னல் கிடைக்காமல் அவர் போனிலேயே தங்கிவிட்டது. தகவல் வராததால் படகும் நிலை மாறவில்லை. நிரலில் பிழை எதுவும் இல்லை, நான் வரைந்த படமே தப்பு.

ஸ்டேட் மெஷின் பாடங்கள் பெரும்பாலும் டிராஃபிக் விளக்கோடும், காசு போட்டால் சுழலும் வாயிலோடும் முடிந்துவிடும். நிஜ வேலையில் எங்கே சிக்கும் என்று அவை சொல்வதில்லை. நான் சிக்கிய இடங்களையும், ஒவ்வொன்றிலிருந்தும் எப்படி வெளியே வந்தேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வேலை படகாக இல்லாமல் கடன் விண்ணப்பமாகவோ கூரியர் பொட்டலமாகவோ இருந்தாலும் இது உதவும்.

ஏன் இதற்குள் வர வேண்டும்

ஸ்டேட் மெஷினுக்கு முன்னால் என்னிடம் ஐந்து ஆம்-இல்லைக் கட்டங்கள் இருந்தன. டோக்கன் உண்டா, கடலில் இருக்கிறதா, பழுதா, கணக்கு முடிந்ததா, ஐஸ் ஏற்றியாச்சா. ஐந்து ஆம்-இல்லைக்கு 32 சேர்க்கை வரும். அவற்றில் ஒரு நிஜப் படகுக்குப் பொருந்துபவை ஏழோ எட்டோதான். 'கடலில் இருக்கிறது, டோக்கன் இல்லை, கணக்கும் முடிந்தது' என்று மூன்று படகுகள் என் டேட்டாபேஸில் கிடந்தன. ஒவ்வொரு திரையிலும் இந்தச் சேர்க்கைகளுக்கு விலக்கு எழுதி எழுதி ஓய்ந்துபோன பிறகுதான் ஸ்டேட் மெஷினுக்கு வந்தேன்.

விதி சின்னது. எண்ணி முடிக்கக்கூடிய சில நிலைகள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிலை. ஒரு நிகழ்வு வந்தால், இப்போதைய நிலையைப் பார்த்து அடுத்த நிலை எதுவென்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதனால் பொய்ச் சேர்க்கைகள் பிறக்கவே முடியாது. கஷ்டம் எல்லாம் அந்த நிலைகள் எவை என்று முடிவு செய்வதில் இருக்கிறது.

நிலைகளைப் பேச்சிலிருந்து எடுங்கள்

கணினி முன்னால் உட்கார்ந்து நிலைகளுக்குப் பெயர் வைக்காதீர்கள். நான் டோக்கன் அறை வாசலில் மூன்று நாள் காலையில் உட்கார்ந்து, அங்கே பேசுவதை அப்படியே நோட்டில் எழுதினேன். அதில் இரண்டு வகைப் பேச்சு இருந்தது. "டோக்கன் எழுதியாச்சு", "கயிறு அவுத்தாச்சு", "கரை புடிச்சாச்சு" என்பது ஒரு வகை. "சும்மா கரையில கிடக்கு", "தொழிலுக்குப் போயிருக்கு", "மேல ஏத்திக் கிடக்கு" என்பது இன்னொரு வகை.

'ஆச்சு' என்று முடிவது நிகழ்வு. 'கிடக்கு', 'இருக்கு' என்று முடிவது நிலை. நம் மொழி இந்த வேலையை நமக்காக ஏற்கனவே செய்து வைத்திருக்கிறது. சந்தேகம் வந்தால், "இப்போது படகு ... இருக்கிறது" என்ற வாக்கியத்தில் அந்தச் சொல்லைப் பொருத்திப் பாருங்கள். பொருந்தினால் நிலை. 'ரத்து' என்று ஒரு நிலை வைத்திருந்தேன். "இப்போது படகு ரத்தில் இருக்கிறது" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரத்தானது டோக்கன், படகு கரையில்தான் கிடக்கிறது. அந்த வட்டத்தை அழித்து அம்பாக மாற்றினேன்.

வட்டமும் அம்பும் வரைந்த பிறகு, கட்டம் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டமும் அம்பும் வரைந்த படம் உங்களுக்குத் தெரிந்ததை மட்டுமே காட்டும். நீங்கள் யோசிக்காத இடம் அதில் வெள்ளைத் தாளாகத் தெரியும், கண்ணில் படாது. அதனால் நிலைகளை வரிசையாகவும் நிகழ்வுகளைப் பத்தியாகவும் வைத்து ஒரு கட்டம் போடுங்கள். என்னிடம் அப்போது ஐந்து நிலை: கரையில், டோக்கனுடன், கடலில், கணக்கு நிலுவை, பழுதுபார்ப்பில். ஏழு நிகழ்வு: டோக்கன் எழுதியது, டோக்கன் ரத்தானது, புறப்பட்டது, கரை சேர்ந்தது, கணக்கு முடித்தது, பழுது சொன்னது, பழுது நீங்கியது. ஆக 35 கட்டங்கள். படத்தில் இருந்த அம்பு எட்டு. மீதி 27 கட்டங்களைப் பற்றி நான் ஒரு நிமிடம்கூட யோசித்திருக்கவில்லை.

ஒவ்வொரு காலிக் கட்டத்தையும் கையால் நிரப்புங்கள். மூன்றில் ஒரு பதில் எழுதினால் போதும். முதலாவது, 'விட்டுவிடு'. கரை சேர்ந்து 'கணக்கு நிலுவை'யில் நிற்கும் படகுக்கு மறுபடியும் 'கரை சேர்ந்தது' என்று வந்தால் டிரைவர் இரண்டு தடவை அழுத்தியிருக்கிறார், பாதகமில்லை. இரண்டாவது, 'மறுத்துக் காரணம் சொல்'. பழுதுபார்ப்பில் இருக்கும் படகுக்கு டோக்கன் எழுத வந்தால், முதலில் பழுது நீங்கியதாகப் பதியச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்றாவது, 'ஆளைக் கூப்பிடு'. 'கரையில்' என்று இருக்கும் படகிடமிருந்து 'கரை சேர்ந்தது' என்று வந்தால், அது நமக்குத் தெரியாமல் கடலுக்குப் போயிருக்கிறது. இதை மென்பொருள் தானாகத் தீர்த்துவைக்கக் கூடாது. ஒரு மனிதர் போன் பண்ணிக் கேட்க வேண்டும்.

பெரும்பாலான நிரல்களில் இந்தக் காலிக் கட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் இருக்கும். ஒன்று, எல்லாவற்றையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். இல்லையென்றால் எதற்கெடுத்தாலும் பிழை காட்டும். விழுங்குவதுதான் ரொம்ப ஆபத்து. டோக்கன் அறையில் உட்காருகிற அண்ணனோடு இரண்டு டீ குடித்து முடிப்பதற்குள் 27 கட்டங்களையும் நிரப்பிவிட்டோம். "அது நடக்காது" என்று நான் சொன்ன நான்கைந்து கட்டங்கள் நடந்திருக்கின்றன என்று அவர் தேதி உட்படச் சொன்னார்.

ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு நிலை குறைவாகவும் முடிப்பதற்கு அதிகமாகவும் வரும். இணையத்தில் இரண்டு கணினிகள் தொடர்பு வைத்துப் பேசுவதற்கான டி.சி.பி. நெறிமுறையில் 1981-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே 11 நிலைகள் உண்டு. அவற்றில் ஆறு, தொடர்பை முடிப்பதற்காக மட்டும் இருப்பவை. கடைசி நிலை 'டைம் வெயிட்'. பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்து, வழியில் தாமதமான பழைய தகவல் பொட்டலம் அடுத்த புதுத் தொடர்புக்குள் புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. எங்கள் 'கணக்கு நிலுவை'யும் அப்படித்தான். படகு கரை சேர்ந்ததும் டோக்கனை மூடிவிடாமல், ஆள் எண்ணி, மீன்பாடு எழுதி, பங்கு பேசி முடிக்கும் வரை திறந்து வைக்கிறோம்.

தெரியாது என்பதற்கும் ஒரு நிலை வேண்டும்

பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறோம். 1, 2 என்றால் தூரத்தில் புயல் அறிகுறி. 3, 4 என்றால் இந்த இடத்துக்கே எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரிய அபாயம். 11 என்றால் பத்தைவிடப் பெரிய புயல் என்றுதான் பள்ளிக்கூடத்தில் நாங்கள் பேசிக்கொள்வோம். அப்படி இல்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான எண் அது. புயல் எப்படி இருக்கிறது என்று சொல்லாமல், துறைமுகத்துக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைச் சொல்கிற கூண்டு.

அந்த இரவுக்குப் பிறகு இதைத்தான் புரிந்துகொண்டேன். என் மென்பொருள் வைத்திருக்கும் நிலை படகின் நிலை இல்லை. படகைப் பற்றி நமக்குக் கடைசியாகத் தெரிந்தது எதுவோ, அதன் நிலை. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நம்பித்தான் நான்கு என்று பதில் சொன்னேன். 'டோக்கனுடன்' என்ற நிலையைக் கரையில் இருப்பதாக எண்ணிவிட்டேன். டோக்கன் வாங்கிய படகு கயிற்றை அவிழ்க்காமல் நிற்கலாம், அவிழ்த்துக்கொண்டு போயும் இருக்கலாம்.

அதனால் 'தகவல் இல்லை' என்று ஒரு நிலையும், 'கெடு கடந்தது' என்று ஒரு நிகழ்வும் சேர்த்தேன். எங்கள் விசைப்படகுகள் காலையில் போனால் மறுநாள் காலையில் திரும்பும். 'கடலில்' என்ற நிலைக்கு 30 மணி நேரக் கெடு வைத்தோம். 'டோக்கனுடன்' என்ற நிலைக்கு நான்கு மணி நேரம். டோக்கன் வாங்கி நான்கு மணி நேரத்தில் புறப்பட்டதாகவும் செய்தி வராமல் ரத்தும் ஆகாமல் இருந்தால் அது 'தகவல் இல்லை'. இப்போது எத்தனை படகு வெளியே என்று கேட்டால் திரை இரண்டு எண் சொல்லும்: கடலில் இத்தனை, தெரியாதது இத்தனை.

இதில் இரண்டு கவனம் வேண்டும். கெடுவும் ஒரு நிகழ்வுதான், மற்ற நிகழ்வு வரும் அதே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். டைமர் தனியாக ஓடி நேரடியாக நிலையை மாற்றினால், படகு கரை சேர்ந்த பிறகு பழைய டைமர் அடித்து அதை மறுபடி 'தகவல் இல்லை'யில் தள்ளிவிடும். எந்தப் பயணத்துக்கான கெடு என்று டோக்கன் எண்ணைக் கெடுவிலேயே எழுதி வையுங்கள், எண் பொருந்தவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அப்புறம், 'தகவல் இல்லை'யைக் குப்பைத் தொட்டி ஆக்காதீர்கள். எங்கே சேர்ப்பது என்று தெரியாததை எல்லாம் அதற்குள் போட்டால், நிஜமாகவே தகவல் இல்லாத படகு அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகும்.

நேரம் எடுக்கும் வேலைக்கு நடுவில் ஒரு நிலை

பாம்பன் ரயில் பாலத்தைப் பாருங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் நடுத்தூக்கை ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறந்து வந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே நேராக 17 மீட்டர் மேலே போகிறது. இதற்கு ஸ்டேட் மெஷின் வரையச் சொன்னால் புதிதாக வருபவர்கள் 'இறங்கி', 'ஏறி' என்று இரண்டு வட்டம் போடுவார்கள். ஆனால் பாலம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் கப்பலும் வர முடியாது, ரயிலும் வர முடியாது. 'ஏறுகிறது', 'இறங்குகிறது' என்ற இரண்டும் சேராவிட்டால் அந்தப் படம் பாதுகாப்பானது இல்லை. ஏறும்போதே நடுவில் நின்றுவிட்டால் என்ன என்ற கேள்வியும் அந்த வட்டத்தைப் போட்ட பிறகுதான் எழும்.

உங்கள் மென்பொருளிலும் அப்படித்தான். வெளியே ஒருவரிடம் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற எந்த வேலைக்கும், காத்திருக்கும் நேரம் ஒரு நிலை. பணம் அனுப்புவது, எஸ்.எம்.எஸ். அனுப்புவது, அனுமதி கேட்பது எல்லாமே. 'அனுப்பவில்லை', 'அனுப்பியது' என்று இரண்டு மட்டும் வைத்தால், நடுவில் மின்சாரம் போன அன்றைக்கு எது நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

வட்டங்கள் பெருகினால்

வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது வந்ததும் 'தடையில் கரையில்', 'தடையில் பழுதுபார்ப்பில்' என்று வட்டங்களை இரட்டித்தேன். புயல் எச்சரிக்கை நாள் வந்தது, மறுபடி இரட்டித்தேன். விசைப்படகுக்கு முறை இல்லாத, அதாவது அது கடலுக்குப் போகக் கூடாத நாள் வந்தது, மறுபடியும். முதல் ஐந்தோடு 'தகவல் இல்லை'யும், இலங்கையில் பிடிபட்ட படகுக்கான 'அக்கரையில்' என்பதும் சேர்ந்து ஏழாக இருந்த நிலை 56 ஆனது. ஸ்டேட் எக்ஸ்ப்ளோஷன் என்று இதைச் சொல்வார்கள். கூட்டலாக இருக்க வேண்டியது பெருக்கலாகிவிடும்.

வெளியே வரும் வழி, "இதை மாற்றுவது யார்?" என்று கேட்பது. தடைக்காலத்தைப் படகு மாற்றுவதில்லை. அது ஒரே நாளில் எல்லாப் படகுக்கும் சேர்ந்து மாறுகிறது. அப்படியானால் அது படகின் நிலை இல்லை, படகுத் துறையின் நிலை. 'துறை' என்று தனியாக ஒரு ஸ்டேட் மெஷின் போட்டேன்: திறந்திருக்கிறது, எச்சரிக்கையில் மூடியிருக்கிறது, தடையில் மூடியிருக்கிறது, முறையில்லா நாள். 'டோக்கன் எழுதியது' என்ற அம்பில் ஒரு காவல் நிபந்தனை: துறை திறந்திருந்தால் மட்டும். ஏழும் நான்கும் பதினொன்று, ஒரே பார்வையில் அடங்கிவிட்டது.

நிலைக்குள் நிலை, பக்கம் பக்கமாக ஓடும் நிலை என்று இதற்கு முறையாக ஒரு வரைமொழியே உண்டு. டேவிட் ஹாரெல் போர் விமானத்தின் மின்னணு அமைப்பை வடிவமைத்தவர்களோடு வேலை செய்தபோது உருவாக்கி, 1987-இல் ஸ்டேட்சார்ட் என்ற பெயரில் எழுதினார். அருமையான கருவி. ஆனால் எல்லா வசதியையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலைக்குள் நிலை மூன்றடுக்கு போனால், ஒரு நிகழ்வை எந்த அடுக்கு வாங்கிக்கொள்ளும் என்று படத்தைப் பார்த்துச் சொல்வது கஷ்டம். நான் ஓரடுக்கோடு நிறுத்திக்கொள்கிறேன். தனி மெஷின்களாகப் பிரிப்பதே பெரும்பாலும் போதும்.

காவல் நிபந்தனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. நிபந்தனை இன்னொரு மெஷினின் நிலையைப் பார்க்கலாம், வந்த நிகழ்வில் இருக்கும் விவரத்தைப் பார்க்கலாம். ஓரமாக ஒளித்து வைத்த ஆம்-இல்லைக் கட்டம் ஒன்றைப் பார்க்கிறது என்றால், நீங்கள் மறைமுகமாக ஒரு நிலையைச் சேர்த்துவிட்டீர்கள், அது படத்தில் இல்லை.

பிரிப்பதைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னது வேறொரு நாள். எங்கள் பதிவேட்டில் படகும் ஆட்களும் ஒரே மெஷின். படகு கடலில் என்றால் ஆட்களும் கடலில். ஒரு படகு எல்லை தாண்டியதாக அக்கரையில் பிடிபட்டது. ஐந்து வாரம் கழித்து ஆட்கள் வீடு திரும்பினார்கள், படகு வரவில்லை. பதிவேட்டில் அவர்களை வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு ஒரே வழிதான் இருந்தது: படகையும் கரை சேர்ந்ததாக எழுத வேண்டும். எழுத மாட்டேன் என்று விட்டுவிட்டேன். அதனால் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் மூன்று வாரம் எங்கள் பட்டியலில் 'அக்கரையில்' இருந்தார். அவர் மகள் அந்தப் பட்டியலைச் சங்கச் சுவரில் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டாள்.

என் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். தீவிலிருந்து திரும்பும்போது கயிறு அவிழ்ப்பதற்கு முன்னால் அவர்கள் தலை எண்ணுவார்கள். படகு சரியாக இருப்பது வேறு, ஆள் சரியாக இருப்பது வேறு என்பது அவர்களுக்கு எப்போதும் தெரியும். இப்போது ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சின்ன மெஷின் இருக்கிறது: கரையில், பயணத்தில், அக்கரையில், தெரியாது. படகு கரை சேர்ந்தால் ஆட்கள் தானாகக் கரை சேர மாட்டார்கள். எண்ணிய பிறகுதான் சேர்வார்கள். இரண்டு பொருள்கள் எப்போதும் ஒன்றாகத்தான் போகும் என்று உங்களுக்குத் தோன்றினால், அவை பிரியும் ஒரு நாளைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரே ஒரு நாள் கிடைத்தாலும் பிரித்துவிடுங்கள்.

தாமதமாக வரும் செய்தி

கடலில் கொஞ்ச தூரம் போனால் சிக்னல் இல்லை. மறுநாள் கரை வந்ததும் போனில் தேங்கியிருந்த எல்லாம் மொத்தமாக வந்து விழும். சில நேரம் 'கரை சேர்ந்தது' முதலில் வரும், 'புறப்பட்டது' பிறகு வரும். வந்த வரிசையில் எடுத்துக்கொண்டால், கட்டிப் போட்டிருக்கிற படகு கடலுக்குப் போய்விடும்.

நிலையை மட்டும் சேமிக்காதீர்கள், நிகழ்வுகளையும் சேமியுங்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் இரண்டு நேரம் எழுதுங்கள்: நடந்த நேரம், நமக்கு வந்த நேரம். பழைய நிகழ்வு ஒன்று தாமதமாக வந்தால், அந்தப் பயணத்தின் நிகழ்வுகளை நடந்த வரிசையில் அடுக்கி, முதலிலிருந்து மறுபடி ஓட்டி நிலையைக் கணக்கிடுங்கள். போன் கடிகாரத்தை மட்டும் நம்ப வேண்டாம், தப்பான தேதியோடு ஒரு போன் எங்களிடம் இருந்தது. ஒவ்வொரு போனும் தன் நிகழ்வுகளுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் போட்டு அனுப்பட்டும். ஒரே போனிலிருந்து வந்தவற்றுக்கு அந்த எண்தான் தீர்ப்பு.

ஒரே படகுக்கு இரண்டு பேர் ஒரே நொடியில் பொத்தான் அழுத்துவதும் உண்டு. ஒரு படகின் நிகழ்வுகள் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும். ஒன்று முழுதாக முடியாமல் அடுத்ததைத் தொடக் கூடாது.

செயல்களை மெஷினுக்கு வெளியே வையுங்கள்

நிலை மாறும்போது ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். அதை அம்பில் வைப்பதா, நிலையில் வைப்பதா என்பது பழைய கேள்வி. ஜார்ஜ் மீலி 1955-இல் எழுதிய முறையில் வெளியீடு, நிலையையும் வந்த நிகழ்வையும் சேர்த்துப் பார்க்கும். எட்வர்ட் மூர் 1956-இல் எழுதிய முறையில் நிலையை மட்டும் பார்க்கும். எந்த வழியாக வந்தாலும் செய்ய வேண்டியது என்றால் நிலையில் வையுங்கள். 'தகவல் இல்லை'க்குள் எப்படி நுழைந்தாலும் செயலாளருக்கு அழைப்பு போக வேண்டும், அதனால் அது நிலையில். 'புறப்பட்டது' என்று வீட்டுக்குப் போகும் செய்தி அம்பில்.

இதைவிட முக்கியமானதை நான் கஷ்டப்பட்டுக் கற்றேன். எஸ்.எம்.எஸ். அனுப்பும் நிரலை நிலைமாற்றத்துக்கு உள்ளேயே எழுதியிருந்தேன். ஒரு நாள் விடியற்காலை இரண்டு மணிக்கு, பிழை ஒன்றைச் சரி செய்ய ஒரு வாரத்து நிகழ்வுகளை மறுபடி ஓட்டினேன். நிலைகள் சரியாக வந்தன. கூடவே 41 வீடுகளுக்குப் பழைய செய்திகள் மறுபடி போயின. அதில் ஒன்று, படகு பற்றித் தகவல் இல்லை என்ற செய்தி. அந்த அக்காவின் கணவர் அன்று இரவு உண்மையிலேயே கடலில் இருந்தார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் ஜெட்டிக்கு ஓடி வந்துவிட்டார். காலையில் படகு வந்தது. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது என் மெஷின் எதையும் செய்யாது. நிலையையும் நிகழ்வையும் வாங்கிக்கொண்டு, அடுத்த நிலையையும் செய்ய வேண்டியவற்றின் பட்டியலையும் திருப்பிக் கொடுக்கும். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. டோக்கன் எண்ணும் நிகழ்வு எண்ணும் சேர்ந்தது அது. அனுப்பும் வேலை வேறொரு நிரலுடையது. ஒருமுறை அனுப்பிய எண்ணை அது மறுபடி அனுப்பாது. மெஷின் எதையும் தொடாது என்பதால் சோதனையும் சுலபம். இரவு முழுக்க நிகழ்வுகளைக் கண்டபடி கலைத்துப் போட்டு ஓட்டுகிறேன். ஒரே ஆள் இரண்டு படகில் இருக்கக் கூடாது, எண்ணாத ஆள் கரை சேரக் கூடாது போன்ற சில உண்மைகள் ஒவ்வொரு அடியிலும் நிற்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

ஓடும்போது மாற்றுவது

படத்தை மாற்றுகிற நாளில் பழைய படத்தின் நடுவில் யாராவது நிற்பார்கள். முதல் வருடங்களில் எனக்கு ஒரு வசதி இருந்தது. தடைக்காலத்தில் விசைப்படகு எதுவும் கடலில் இருக்காது, பெரிய மாற்றங்களை அந்த 61 நாளில் செய்தேன். பிறகு நாட்டுப்படகுகளும் பதிவேட்டுக்கு வந்தன. அவர்களுக்கு அந்தத் தடை இல்லை. எல்லாப் படகும் கரையில் இருக்கும் நாள் என்று ஒன்று இனி வராது.

இப்போது செய்வது இது. இருக்கும் நிலையின் பெயரையோ பொருளையோ மாற்றுவதில்லை. புதுப் பெயரில் புது நிலை சேர்க்கிறேன். பழைய நிலைக்குள் போகும் அம்புகளைப் புதியதற்குத் திருப்புகிறேன். பழையதிலிருந்து வெளியே வரும் அம்புகளை அப்படியே விடுகிறேன். அதில் நிற்பவை ஒவ்வொன்றாகத் தாமாக வெளியேறிவிடும். ஒருவரும் இல்லாத பிறகு அந்த வட்டத்தை எடுத்துவிடலாம்.

இன்றைக்கு எங்கள் படகு மெஷினில் ஏழு நிலை, ஒன்பது நிகழ்வு, 63 கட்டங்கள். அந்தக் கட்டத்தைப் பெரிதாக அச்சடித்து டோக்கன் அறைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தப்பு என்று பட்டால் யார் வேண்டுமானாலும் எழுதலாம். போன மாதம் ஒரு வயதான சம்மாட்டி (படகு உரிமையாளர்) 'கடலில்' வரிசையும் 'பழுது சொன்னது' பத்தியும் சேரும் கட்டத்தில் வட்டம் போட்டிருந்தார். அங்கே நான் 'ஆளைக் கூப்பிடு' என்று மட்டும் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே அவர் எழுதியிருந்தது: "இன்ஜின் நின்னுபோய் இன்னொரு படகு கட்டி இழுத்துட்டு வருதே, அது எதுல சேரும்? இழுக்குற படகு எதுல சேரும்?" இழுக்கும் படகின் கெடுவையும் நீட்ட வேண்டும், அது மெதுவாகத்தான் வரும். 'இழுவையில்' என்று எட்டாவது வரிசைக்கு இந்த வாரம் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்பது கட்டங்களில் ஆறை நிரப்பியாச்சு. மீதி மூன்றுக்கு அவரைத்தான் கேட்க வேண்டும், வெள்ளிக்கிழமை கரையில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.